மிச்சம் நிற்கும் பாறைகள்

அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலியில் ஓடும் மண்சாலை 17 மைல் நீளம், கிலோமீட்டரில் 27. சுற்றி வர இரண்டு மணி நேரம் பிடிக்கும். நின்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு மூன்றுக்கு மேல். மணிக்கு 15 மைல்தான் வேகம் என்கிறது பலகை. பலகை இல்லாவிட்டாலும் அதற்கு மேல் போக முடியாது. ஆரம்பத்திலேயே சாலை சரேலென்று கீழே இறங்குகிறது. குண்டும் குழியுமாகத் தூக்கிப்போடுகிறது. சில இடங்களில் சக்கரம் மணலில் இழுக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும், வீடுபோல் படுக்கை அடுப்பெல்லாம் வைத்த பெரிய வண்டிகளுக்கும் அனுமதி கிடையாது. சாதாரணக் கார் போதும், வண்டியின் அடிவயிறு கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது. மழை பெய்திருந்தால் போகாமல் இருப்பதே புத்தி.

வழிகாட்டி யாரும் கூட வர வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் கட்டினால், எண் போட்ட பதினோரு நிறுத்தங்களைக் காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாலையை விட்டு விலகி உள்ளே போக வேண்டுமென்றால் மட்டும் நவஹோ பழங்குடி வழிகாட்டி ஒருவர் வேண்டும்.

அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருந்தாலும் இது அந்த மாநிலங்களின் சொத்து அல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காவும் அல்ல. நவஹோ தேசம் என்ற பழங்குடி ஆட்சிப் பகுதிக்குச் சொந்தமானது. அந்தத் தேசத்தின் பரப்பு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் பழங்குடி நிலங்களில் இதுவே பெரியது. 1958இல் நவஹோ ஆட்சிமன்றம் தன் சொந்த முடிவில் இந்த இடத்தைப் பழங்குடிப் பூங்காவாக அறிவித்தது. தேசியப் பூங்காக்களுக்கு ஆண்டுச் சீட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் அதை இங்கே நீட்டிப் பயனில்லை. கடிகாரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும்போது அரிசோனா அதைச் செய்வதில்லை. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ தேசம் செய்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வருகிறவருக்கு இங்கே மூன்று.

பார்வையாளர் மையத்தின் திண்ணையில் நின்றால் மூன்று பாறைகள் கண்முன் நிற்கின்றன. இரண்டு, கட்டைவிரலை மட்டும் விலக்கிய கையுறை வடிவம். மேற்குக் கையுறை, கிழக்குக் கையுறை என்று பெயர். மூன்றாவது மெரிக் பியூட். வெள்ளி தேடி வந்து 1880இல் இந்தப் பகுதியில் கொல்லப்பட்ட இருவரில் ஒருவரின் பெயர் அது; கூட வந்த மிட்செல் பக்கத்திலுள்ள பெரிய பாறை மேடைக்குப் பெயரானார். ஒவ்வொன்றும் தரையிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். தட்டையான பாலைவனத்தில் திடீரென்று நிற்பதால், யாரோ தூக்கி நிறுத்தியது போலவோ, பூமிக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வந்தது போலவோ தோன்றும். முதல் பார்வைக்கு அப்படித் தோன்றாதவர் இருக்க மாட்டார்.

நடந்தது நேர்மாறு. கிராமங்களில் குளம் வெட்டும்போது நடுவில் ஓரிரு மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு வைப்பார்கள், எவ்வளவு ஆழம் தோண்டினோம், எத்தனை கன அடி மண் எடுத்தோம் என்று கூலிக்கு அளந்து பார்க்க. அந்தத் திட்டு எழும்பியதல்ல. சுற்றியிருந்த மண் போனதால் நிற்கிறது. கையுறைப் பாறைகளும் அவ்வளவுதான். அவற்றின் உச்சிக்கும், பக்கத்து மேடைகளின் உச்சிக்கும் கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே மட்டம். ஒரு காலத்தில் நிலமே அந்த மட்டத்தில், இடைவெளியில்லாமல், அடிவானம் வரை விரிந்திருந்தது. அதற்கும் மேலே இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பாறை அடுக்குகள் இருந்து அரித்துப்போயின. நாம் கார் ஓட்டுவது அந்தக் குழியின் அடியில்.

மையத்திலிருந்தே பாறையின் குறுக்குவெட்டைப் படித்துவிடலாம். மூன்று பகுதி தெரியும். அடியில் சரிவான, அடர் சிவப்பான பாவாடை. நடுவில் நேர்க்குத்தான சுவர். உச்சியில், எல்லாப் பாறைகளிலும் அல்ல, சிலவற்றில் மட்டும், மெல்லிய படிக்கட்டு போன்ற ஒரு விளிம்பு.

அடிச்சரிவு ஆர்கன் ராக் எனப்படும் களிமண் பாறை. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்களெல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த பெர்மியன் காலத்தில், இந்த இடம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தது. வடகிழக்கே நின்ற ஒரு மலைத்தொடரிலிருந்து ஆறுகள் செம்மண்ணைச் சுமந்து வந்து சமவெளியில் கொட்டின. அந்த மலைத்தொடர் தேய்ந்து மறைந்துவிட்டது. வண்டல் மட்டும் பாறையாகி, கார் சக்கரத்தின் கீழ் தூசாகப் பறக்கிறது.

நடுச்சுவர் டி ஷே மணற்பாறை. ஆறுகளும் சேற்று வெளியும் பின்வாங்கின, பாலைவனம் வந்தது. காற்று மணலைக் குவித்துக் குன்றுகளாக்கி நகர்த்தியது. மணற்குன்று எப்படி நகரும் என்பதைப் பாறையிலேயே காணலாம். காற்று வீசும் பக்கத்தில் மணல் மெல்ல ஏறி, முகட்டைத் தாண்டி, மறுபக்கத்தில் சரியும். உலர்ந்த மணல் தாங்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு சுமார் 34 பாகை. அதற்கு மேல் குவிந்தால் சரிந்து விழும். அப்படிச் சரிந்த ஒவ்வொரு சரிவும் ஒரு சாய்ந்த கோடாகப் பதிந்துபோயிருக்கிறது. நெருங்கிப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க அந்தச் சாய்கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. இந்தக் கோடுகளை அளந்து அந்தக் காலத்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். இன்றைய திசைக் கணக்கில் பெரும்பாலும் வடக்கிலிருந்து. இருபத்தேழு கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு பிற்பகலின் காற்று கல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை என்னால் சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மணற்சுவரின் மேல் விளிம்புக்கும் அதற்கு மேலுள்ள அடுக்குக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. கண்ணுக்கு அது வெறும் கோடு. உண்மையில் அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. மணல் படிவது நின்றது. படிந்ததில் ஒரு பகுதி அரித்துப்போனது. மறுபடி எப்போதோ வேறொரு உலகத்தில் சேறு படியத் தொடங்கியது. அந்த இடைவெளியில்தான், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி கண்ட மிகப்பெரிய உயிரின அழிவு நடந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. அதற்கு இங்கே சாட்சியம் எதுவும் இல்லை. அந்தப் பக்கங்கள் கிழிந்த புத்தகம் இது. கோட்டுக்குக் கீழே இருப்பது அழிவுக்கு முந்தைய உலகம், சற்று மேலே போனால் டைனோசர்கள் தலையெடுக்கத் தொடங்கிய ட்ரயாசிக் உலகம்.

மேல் அடுக்கு மோயன்கோபி. ஆற்றுச் சமவெளியிலும் அலை வந்து போகும் சேற்றுத் திடல்களிலும் படிந்தது. அதற்கும் மேலே, சுமார் 22.5 கோடி ஆண்டு வயதில், ஷினரம்ப். இது ஆற்றுப் படுகையின் கூழாங்கல்லும் பருமணலும் ஒட்டி இறுகிய கெட்டிப் பாறை. இந்தக் கட்டுரையில் பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

இறங்குவோம். இரண்டாவது நிறுத்தம் யானைப் பாறை. யானையைக் காண நிறைய நல்லெண்ணம் வேண்டும். மூன்றாவது மூன்று சகோதரிகள்: பெரிய மேடையின் ஓரத்தில் நிற்கும் மூன்று ஒல்லித் தூண்கள். இங்கே காரை நிறுத்தினால் இந்த நிலத்தின் முழு வாழ்க்கை வரலாறும் ஒரே பார்வையில் கிடைக்கும். அகலமான மேடை மேசா. மேசா ஓரங்கள் தேய்ந்து, உயரத்தைவிட அகலம் குறைந்தால் பியூட். பியூட் இன்னும் மெலிந்தால் தூண். தூண் விழுந்தால் கற்குவியல், பிறகு மணல். வெவ்வேறு வகைப் பாறைகள் என்று நாம் நினைப்பவை ஒரே பாறையின் வெவ்வேறு வயதுகள்.

இதைச் செதுக்கியது யார் என்று கேட்டால் பாதிப்பேர் காற்று என்பார்கள். பாலைவனம், மணல், காற்று என்று மனசு தானாகவே சேர்த்துவிடுகிறது. காற்று தளர்ந்த மணலைத் துடைத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் அதன் பங்கு. உண்மையான சிற்பி தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் ஊரில் இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பெய்வது ஒரேயடியாகப் பெய்யும், கோடைப் பிற்பகல்களில், இடியோடு. செடியும் வேரும் பிடித்துவைக்காத தரையில் அந்த ஒரு மணி நேர மழை செய்யும் வேலையை, சாரலாக ஒரு மாதம் பெய்தாலும் செய்யாது.

வேலை நடக்கும் விதம் இது. இந்த நிலப்பகுதி முழுவதும், கொலராடோ பீடபூமி என்பது, சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து பல கட்டங்களாக உயர்த்தப்பட்டது. மான்யுமென்ட் வேலி அதில் மெதுவாக வளைந்து மேலெழும்பிய ஒரு முதுகு. கெட்டியான மணற்பாறை வளையாது, விரிசல் விடும். அந்த விரிசல்கள் நேர்க்குத்தாக, இணைகோடுகளாக ஓடின. அடியிலுள்ள களிமண் பாறை மென்மையானது. மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது. காலுக்கடியில் பிடிமானம் போன மணற்சுவர், அருகிலுள்ள விரிசல்வரை உள்ள பாளத்தை மொத்தமாகக் கழற்றி விடுகிறது. விரிசல் நேர்க்குத்தாக இருப்பதால், பாளம் விழுந்த பிறகும் மிச்சச் சுவர் நேர்க்குத்தாகவே நிற்கிறது. சாய்ந்து வழுக்கும் மலையாகத் தேயாமல், ஒவ்வொரு முறையும் புதுச்சுவரோடு பின்வாங்குவதால்தான் இந்தப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுக்குப் பின்னும் இப்போதுதான் அறுத்துவைத்தது போல இருக்கின்றன. குளிர்காலமும் உதவி செய்கிறது. பார்வையாளர் மையம் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் மேலே. இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். விரிசலில் புகுந்த நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவில் ஒன்பது சதவீதம் விரியும். ஆப்பு அடித்தது மாதிரி.

அப்படியானால் மூன்று சகோதரிகள் போன்ற ஒல்லித் தூண்கள் எப்படி நிற்கின்றன? ஒருபக்கம் மழை தின்று, ஒருபக்கம் பனி பிளந்து, ஏன் ஏற்கெனவே விழவில்லை? செக் நாட்டைச் சேர்ந்த யிர்ஷி ப்ரூத்தான்ஸும் அவரது குழுவும் 2014இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். மணற்பாறைத் துண்டுகளைத் தண்ணீரில் வைத்தும் மேலிருந்து எடையேற்றியும் பார்த்தபோது, அழுத்தம் குறைவான பகுதிகள் உதிர்ந்தன. அழுத்தம் மிகுந்த பகுதிகளில் மணல்மணிகள் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டிக்கொண்டு அரிப்பைத் தாங்கின. தூண் மெலிய மெலிய, மேலிருக்கும் பாரமெல்லாம் குறைந்த பரப்பில் இறங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, பூட்டு இறுகுகிறது. பாரத்தைச் சுமக்கும் கல் பிழைக்கிறது, சுமக்காத கல் போய்விடுகிறது. இயற்கை வளைவுகளும் தூண்களும் பொறியாளர் வரைந்தது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்கிறார்கள். என்றைக்குமான பாதுகாப்பு அல்ல இது. அழுத்தம் கல்லின் தாங்கும் சக்தியைத் தாண்டும் நாளில் பூட்டு உடையும்.

தூண்கள் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தாலும் அசைகின்றன. யூட்டாவில் கேசில்டன் என்ற 120 மீட்டர்த் தூணின் உச்சிக்கு ஏறுபவர்கள் அதிர்வுமானியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை அந்தத் தூண் அசைந்துகொண்டே இருக்கிறது. காற்றும், தொலைதூர நிலநடுக்கங்களும், மனிதர்களின் இயந்திரங்களும் அதை இடைவிடாமல் ஆட்டுகின்றன. அந்தத் தூண் இங்கே இல்லை, வேறு அடுக்கைச் சேர்ந்தது. மான்யுமென்ட் வேலியில் பாறை ஏறுவதற்கே தடை. இந்தப் பாறைகள் நவஹோ மக்களுக்குப் புனிதமானவை.

நான்காவது நிறுத்தத்தில் கூட்டம் சேரும். ஒரு பாறை மேடை பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் ஜான் ஃபோர்டு முனை. அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் உலகத்தின் மனக்கண்ணில் வரும் படம் இந்த ஒரே இடத்திலிருந்து போனது. ஹாரி கோல்டிங் என்பவரும் அவர் மனைவியும் 1920களில் இங்கே வந்து நவஹோக்களோடு பண்டமாற்றுக் கடை வைத்தார்கள். பொருளாதார மந்தம் வந்து பஞ்சம் வாட்டியபோது, 1938இல், கோல்டிங் இந்த இடத்தின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டே இயக்குநர் ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ படம் வெளியானது. அதற்குப் பின் ஃபோர்டு திரும்பத் திரும்ப இங்கே வந்தார். 1956இல் வந்த ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கதை நடப்பது டெக்ஸாஸில். திரையில் தெரிவது இந்தப் பாறைகள். நவஹோக்கள் வேறு பழங்குடிகளான அப்பாச்சியாகவும் கோமாஞ்சியாகவும் வேடமிட்டார்கள். கூலி கிடைத்தது, அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆளில்லாத வெட்டவெளி, வெள்ளைக்காரக் கதாநாயகன் குதிரையில் கடந்து போகும் பின்னணித் திரை.

‘தி சர்ச்சர்ஸ்’ கதை 1868இல் தொடங்குகிறது. உண்மையான 1868இல் இந்த மண்ணின் மக்களுக்கு நடந்தது வேறு. 1864 முதல் அமெரிக்க ராணுவம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்களை, பயிரை எரித்து, ஆட்டுமந்தைகளை அழித்து, நியூ மெக்ஸிகோவின் கிழக்குப் பகுதியில் உள்ள பாஸ்க் ரெடோண்டோ முகாமுக்குக் கால்நடையாக ஓட்டிச் சென்றது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பசியிலும் நோயிலும் ஏராளமானோர் மாண்டார்கள். 1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. எல்லோரும் பிடிபடவில்லை. ஹோஸ்கினினி என்ற தலைவர் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு இந்தப் பாறைநாட்டுக்குள் மறைந்து அத்தனை ஆண்டும் தப்பித்திருந்தார். மணற்சுவருக்கு மேலுள்ள மெல்லிய அடுக்கு ஒன்றுக்குப் புவியியலாளர்கள் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் கொண்ட ஒரு மேசாவிலிருந்து வந்த பெயர்.

இன்றும் பூங்காவுக்குள் குடும்பங்கள் வசிக்கின்றன. சாலையோரம் கிழக்கு நோக்கிய வாசலோடு வட்டமான வீடு தெரிந்தால் அது ஹோகன், காட்சிப்பொருள் அல்ல. அங்கே வசிப்பவரிடம் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. டிரோன் பறக்கவிடக் கூடாது. பூங்காவில் மதுவும் தடை.

ஜான் ஃபோர்டு முனையைத் தாண்டினால் சாலை மழைத்தெய்வ மேசாவைச் சுற்றி ஒருவழிப் பாதையாகப் போகிறது. ஒட்டகப் பாறை, ஹப் இரண்டையும் நிற்காமலே பார்த்துக்கொள்ளலாம். ஏழாவது நிறுத்தத்தில் நிற்க வேண்டும். டோட்டம் போல் என்ற தூண், நூறு மீட்டருக்கு மேல் உயரம், ஒரு வீட்டின் அளவுகூடக் கனமில்லாத ஊசி. உச்சியில் ஷினரம்ப் போன்ற கெட்டி மூடுபாறை எதுவும் மிச்சமில்லை, முழுக்க மணற்சுவர் அடுக்கு. அதையடுத்து ஒரு வரிசைத் தூண்கள், யேய் பிச்சேய் எனப்படுபவை. பனிக்கால இரவுகளில் ஒன்பது நாள் நடக்கும் குணமாக்கும் சடங்கில் ஹோகனிலிருந்து வெளியே வரும் ஆட்டக்காரர்களின் உருவம் என்று நவஹோக்கள் பார்க்கிறார்கள். அருகில் மணல் ஊற்று. இந்த வறண்ட பள்ளத்தில் மேற்பரப்பில் கிடைக்கும் அரிய நீர் இது. மணலும் மணற்பாறையும் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. கீழேயுள்ள களிமண் பாறை அதை இறங்க விடுவதில்லை. பக்கவாட்டில் எங்கோ ஓரிடத்தில் கசிகிறது.

சுவர்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் வழிவதைக் கவனித்திருப்பீர்கள். சிவப்புக்குக் காரணம் எளிது: மணல்மணிகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்ஸைடு. கொஞ்சமே போதும், பாறை முழுக்கச் சிவந்துவிடும். கறுப்பு விஷயம் வேறு. அதற்குப் பாலைவன மெருகு என்று பெயர். தூசியிலிருந்து வந்த களிமண்ணோடு மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து பாறை மேல் பூசிய படலம். ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரான் கனம் வளர்ந்தால் அதிகம். சுற்றியுள்ள தூசியில் மாங்கனீசு மிகக் குறைவு, மெருகில் மட்டும் அது பலமடங்கு ஏன் குவிகிறது என்பது நெடுநாள் புதிர். கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் உஷா லிங்கப்பாவும் சக ஆய்வாளர்களும் 2021இல் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களைக் கைகாட்டினார்கள். கொளுத்தும் வெயிலில் பாறை மேல் வாழும் இந்த நுண்ணுயிர்கள், சூரிய ஒளி உண்டாக்கும் நச்சு மூலக்கூறுகளிலிருந்து தப்பிக்க மாங்கனீசை உடலில் சேர்த்துக்கொள்கின்றன; செத்த பிறகு அது பாறையில் ஒட்டிக்கொள்கிறது. மெருகு பட்டைபட்டையாக இறங்குவது மழைநீர் வழியும் தடங்களில்.

பத்தாவது நிறுத்தமான வடக்குச் சன்னலிலிருந்து பார்க்கும்போது எதிரே கிழக்குக் கையுறை தெரியும். இங்கே மூடுபாறைக்கு வருகிறேன்.

உச்சியில் ஷினரம்ப் இருக்கும் மேசாக்கள் அகலமாக நிற்கின்றன. கெட்டிப் பாறை மேலிருந்து மழையைத் தடுக்கிறது. அது உள்ளவரை கீழே இருப்பது பிழைக்கும். அந்தப் பாறை ஒரு பழைய ஆற்றின் படுகை என்றேன். ஆற்றில் அடித்து வரப்பட்ட மரங்கள் அதன் ஆழமான தடங்களில் புதைந்து அழுகின. வெகுகாலம் கழித்து நிலத்தடி நீர் அந்தத் தடங்கள் வழியாக ஊர்ந்தது. ஆக்ஸிஜன் கலந்த நீரில் யுரேனியம் கரையும். அழுகிய மரத்தைச் சுற்றி ஆக்ஸிஜன் இல்லை. அங்கே வந்ததும் யுரேனியம் கரைந்திருக்க முடியாமல் படிந்துவிடுகிறது. கூடவே வனேடியம். மஞ்சள் நிறக் கார்னோடைட் கனிமம் கிடைக்கும் இடங்களில் முழுமுழு மரக்கட்டைகளே தாதுவாக மாறியிருந்தன.

இரண்டாம் உலகப் போரில் எஃகை வலுவாக்க வனேடியம் தேவைப்பட்டது. பிறகு அணுகுண்டுக்கு யுரேனியம். மான்யுமென்ட் வேலியைச் சுற்றியுள்ள மேசாக்களின் உச்சிகளில் சுரங்கம் வெட்டினார்கள், நவஹோ ஆண்கள் உள்ளே இறங்கி வெட்டினார்கள். 1944க்கும் 1986க்கும் இடையே நவஹோ நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கோடி டன் தாது போனது. காற்றோட்டம் இல்லாத சுரங்கங்களில் ரேடான் வாயு தேங்கியது. தாகம் எடுத்தவர்கள் சுரங்கச் சுவரில் சொட்டிய தண்ணீரைக் குடித்தார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950இல் சுரங்கத் தொழிலாளர்களை ஆராயத் தொடங்கியது. கதிர்வீச்சின் ஆபத்தை அவர்களிடம் சொல்லவில்லை. புகைபிடிப்பது அரிதாக இருந்த சமூகத்தில் நுரையீரல் புற்றுநோய் பரவியது. கழிவுக் கற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததால் வீடு கட்டவும் பயன்பட்டன. பின்னாளில் அரசே அப்படிப்பட்ட வீடுகளை இடித்து வேறு வீடு கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்பும் இழப்பீடும் கொண்ட சட்டம் இயற்றியது. 2005இல் நவஹோ தேசம் தன் நிலத்தில் யுரேனியம் எடுப்பதையே தடை செய்தது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். துப்புரவு இன்னும் முடியவில்லை. நாட்டின் அணுத்திட்டத்துக்கு எரிபொருள் கொடுத்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரமே வரவில்லை என்பதையும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அண்ணாந்து அந்த மெல்லிய விளிம்பைப் பார்க்கும்போது தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் சொன்னேன். பாறைகளின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அதுகூட இல்லை.

பயணத் தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு ஒரு தகவல். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், சில நாள் மட்டும், சூரியன் மறையும்போது மேற்குக் கையுறையின் நிழல் கிழக்குக் கையுறையின் மேல் அப்படியே விழும். சூரியன் மறையும் புள்ளி அடிவானத்தில் டிசம்பருக்கும் ஜூனுக்கும் இடையே தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து, பிறகு அதே வழியில் திரும்புகிறது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அந்த இரண்டு பாறைகளின் நேர்கோட்டில் வந்து நிற்கிறது. சம இரவு நாளான மார்ச் 20ஐ ஒட்டிய தேதிக்குப் பத்து நாள் பின்னால் ஒன்று. செப்டம்பர் 22ஐ ஒட்டிய சம இரவுக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்னால் இன்னொன்று. கணக்கு சரியாக இருக்கிறது. திண்ணையில் அன்றைக்குக் கேமரா முக்காலிகள் வரிசைகட்டும். சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு மண்ணும் எங்கே போனது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வடக்கே ஓடும் சான் ஹுவான் ஆறு அள்ளிக்கொண்டு போய்க் கொலராடோ ஆற்றில் சேர்த்தது. கொலராடோ கலிபோர்னியா வளைகுடாவில் கொட்டியது. 1963இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டதிலிருந்து அந்த மண் பவெல் ஏரியின் அடியில் படிகிறது.

தெற்கே கயென்டா ஊரை நோக்கித் திரும்பும் வழியில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கறுத்த, முள்முள்ளான ஒரு சிகரம் வரும். பெயர் அகத்லா. தூரத்திலிருந்து கையுறைகளின் உறவுக்காரன் மாதிரி தெரியும், சொந்தமே கிடையாது. மணலும் களிமண்ணும் அல்ல அது. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு எரிமலையின் தொண்டைக் குழாயில், நிலத்துக்கு அடியில், பாறைக்குழம்பு உறைந்து அடைத்துக்கொண்டது. எரிமலை அரித்துப்போயிற்று. அதைச் சூழ்ந்திருந்த நிலமும் போயிற்று. நிலத்தடியில் உறைந்த அந்த அடைப்பு இன்று சமவெளிக்கு 450 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆக, குறைந்தது அந்த 450 மீட்டரும் இரண்டரைக் கோடி ஆண்டுக்குள் இறங்கியிருக்கிறது. மேலே எவ்வளவு இருந்தது என்பதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும்.